எந்தப் பாட்டை எடுத்துப்போவது?

கடல் கடந்து மேடையேறும் இளைஞர் சேர்ந்திசைக் குழுக்களுக்கு விசாவைவிடப் பெரிய தலைவலி பாட்டுப் பட்டியல். நாஷ்வில்லில் தொடங்கி ஷில்லாங் வரை இதே கதைதான்.

பட்டியலில் பதினான்கு பாட்டுகள் இருந்தன. முதல் பதினொன்றும் ஹேண்டல், பாக், மெண்டல்சன் வகையறா. கடைசி மூன்றுக்கு மட்டும் ‘இந்தியப் பாடல்கள்’ என்று பொதுவாக ஒரு தலைப்பு. தெலுங்கில் ஒன்று, உருதுவில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழ்ப் பாட்டு பாரதியுடையது. சில வருஷங்களுக்கு முன், ஐரோப்பியப் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த செகந்திராபாத் இளைஞர் குழு ஒன்று, அந்தப் பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரச் சொல்லி எனக்கு அனுப்பிய பட்டியல் அது. நிகழ்ச்சி நிரலில் அச்சிட நாலு வரி போதும் என்றார் குழுவை நடத்துபவர். பாரதியை நாலு வரியில் அடைப்பது ஒருபுறம் இருக்கட்டும். என்னை உறுத்தியது அந்தப் பாட்டுக்குக் கிடைத்த இடம். விருந்து முடிந்த பிறகு நீட்டப்படும் வெற்றிலைத் தட்டு மாதிரி, கடைசியில்.

ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியவில்லை. குரல்களை நாலாகப் பிரித்துப் பாடும் வித்தையை அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டது ஹேண்டல் வழியாகத்தான். அது பிறந்த ஊருக்கே போகும்போது தங்களுக்கும் அது வரும் என்று காட்ட ஆசைப்படுவது தப்பா? தவிர, ஹைதராபாத்தில் ‘நம் பாட்டு’ என்று எதைச் சொல்வது? குழுவில் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். தக்கனி உருது பேசுகிறவர்கள் இருந்தார்கள். கன்டோன்மென்ட் காலத்திலேயே செகந்திராபாத்தில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இருந்தார்கள். வீட்டிலும் ஆங்கிலமே பேசுகிறவர்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் பொதுவான பாட்டு, சொல்லப்போனால், ஹேண்டல்தான்.

பயணம் போகும் இளைஞர் குழுக்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும்போது பரிசுகளையும் கைதட்டலையும் எழுதுகின்றன. ஒத்திகை அறையில் நடக்கும் இந்தத் தகராறு வெளியே வருவதில்லை. ஆனால் இதற்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். இதன் முதல் அத்தியாயம் எழுதப்பட்டது அமெரிக்காவின் தென்பகுதியில், கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில்.

டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், உள்நாட்டுப் போர் முடிந்த மறு வருஷம், 1866 ஜனவரியில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக ஃபிஸ்க் பள்ளி தொடங்கப்பட்டது. ராணுவ ஆஸ்பத்திரியாக இருந்த மரக்கொட்டகைகள்தான் வகுப்பறைகள். ஐந்தே வருஷத்தில் கொட்டகைகள் இற்றுப்போயின, கஜானா காலியானது. பள்ளியின் பொருளாளர் ஜார்ஜ் ஒயிட் என்ற வெள்ளைக்காரர். ஒரு கொல்லரின் மகன். ஓய்வு நேரத்தில் மாணவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வந்தவர். இருக்கும் கொஞ்சநஞ்சப் பணத்தையும் எடுத்துக்கொண்டு, மாணவர்களை வடக்கு மாநிலங்களுக்கு அழைத்துப்போய்ப் பாடவைத்து நிதி திரட்டுவது என்று அவர் முடிவெடுத்தபோது நிர்வாகத்துக்கே அது கிறுக்குத்தனமாகப் பட்டது. 1871 அக்டோபர் 6-ஆம் தேதி ஒரு சின்னக் குழு ரயிலேறியது. பெரும்பாலோர் பதின்பருவத்தினர், இருபதைத் தாண்டியவர்கள் சிலர். மின்னி டேட் என்ற பெண்ணுக்கு வயது 14. அநேகமாக எல்லாருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள், அல்லது அடிமைகளின் பிள்ளைகள்.

குழுவுக்குப் பியானோ வாசித்த எல்லா ஷெப்பர்டின் கதையே ஒரு நாவல். அவளுடைய தகப்பனார் முதலில் தன்னையும் பிறகு குழந்தையாக இருந்த அவளையும் காசு கொடுத்து மீட்டார். தாயை விற்கச் சம்மதித்திருந்த எஜமானி கடைசி நிமிஷத்தில் மனம் மாற, தாய் அடிமையாகவே தங்கிவிட்டாள். பிறகு சின்சினாட்டியில் எல்லாவுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியர் ஒப்புக்கொண்டார், நிபந்தனையோடு: இரவில், பின்வாசல் வழியாக வரவேண்டும், யாருக்கும் சொல்லக் கூடாது.

ஆரம்பத்தில் அவர்கள் பாடியது என்ன? வெள்ளைக்காரச் சபைகளில் மதிப்புள்ளவை என்று கருதப்பட்ட பாட்டுகள். தேசபக்திப் பாடல்கள், மதுவிலக்குப் பாடல்கள், மேற்கத்திய சாஸ்திரிய உருப்படிகள். கூட்டம் சேரவில்லை. சேர்ந்த கூட்டத்தில் பாதி, முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யும் வெள்ளைக்காரக் கோமாளி நாடகங்களைப் போல ஏதோ ஒன்று என்று நினைத்து வந்தது. ஹோட்டல்களில் இடம் மறுத்தார்கள். சின்சினாட்டியில் பாடிய நாட்களில்தான் சிகாகோ நகரம் தீப்பிடித்து எரிந்தது. கிடைத்த வசூல் ஐம்பது டாலருக்கும் குறைவு. கையில் காசில்லாத அந்தக் குழு, அந்தத் தொகையை அப்படியே சிகாகோ நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டது.

அவர்களிடம் வேறு பாட்டுகள் இருந்தன. பருத்திக் காட்டில் தாயும் பாட்டியும் பாடியவை. அந்தப் பாட்டுகளை ஒயிட் கேட்டிருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு, தங்களுக்குள் மட்டும், மெல்லிய குரலில் மாணவர்கள் பாடுவார்கள். மேடையில் பாட மாட்டேன் என்றார்கள். அவை அடிமைத்தனத்தோடு ஒட்டியவை, மறக்கவேண்டியவை, அதே சமயம் பெற்றோருக்குப் புனிதமானவை, அந்நியர் முன்னால் கடைவிரிக்கத் தகாதவை என்று தாங்கள் நினைத்ததாகப் பின்னாளில் எல்லா ஷெப்பர்ட் எழுதினார். வெட்கமும் பக்தியும் ஒன்றாகக் கலந்த அந்த மனநிலை நமக்குப் புதிதல்ல. கிராமத்துப் பாட்டியின் தாலாட்டைக் கல்லூரி விழாவில் பாடக் கூசிய தலைமுறை நம் ஊரிலும் இருந்தது.

அந்த நவம்பரில் ஓஹியோவின் ஓபர்லின் நகரில், பாதிரிமார்கள் மாநாடு ஒன்றில் அவர்களுக்குச் சில நிமிஷங்கள் கிடைத்தன. பெற்றோரின் பாட்டு ஒன்றைத் தொடங்கினார்கள். காதில் விழுமோ விழாதோ என்ற அளவில் மெதுவாக எடுத்து, மெல்ல மெல்ல உயர்த்துவது ஒயிட் பழக்கியிருந்த முறை. பேசிக்கொண்டிருந்த சபை அடங்கிப்போனது. அதற்குப் பிறகு அடிமைப் பாடல்களே நிகழ்ச்சியின் முதுகெலும்பாயின. ஹேண்டல் ஓரத்துக்குப் போனார்.

அடுத்த வசந்த காலத்தில் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கிராண்ட் முன் பாடினார்கள். 20,000 டாலரோடு ஊர் திரும்பினார்கள். ‘ஜூபிலி பாடகர்கள்’ என்ற பெயர் அதற்குள் நிலைத்துவிட்டது. அடிமைகளுக்கு விடுதலை தரவேண்டிய ஆண்டு என்று பைபிள் சொல்லும் யூபிலி ஆண்டிலிருந்து எடுத்த பெயர். 1873-இல் கப்பலேறி இங்கிலாந்து. விக்டோரியா மகாராணி கேட்டார், பிரதமர் கிளாட்ஸ்டன் வீட்டுக்கு அழைத்து உபசரித்தார். சொந்த நாட்டில் ஹோட்டல் அறை கிடைக்காதவர்களுக்குப் பிரதமர் வீட்டு மேஜையில் இடம் கிடைத்தது. அடுத்த பயணத்தில் ஹாலந்து, ஜெர்மனி. 1878-இல் ஹாம்பர்க்கில் குழு கலைந்தபோது அவர்கள் திரட்டியிருந்த மொத்தத் தொகை ஒன்றரை லட்சம் டாலர் என்று கணக்கு. நாஷ்வில்லில் 1876-இல் திறக்கப்பட்ட ஜூபிலி ஹால் பாட்டால் எழுந்த கட்டடம். அமெரிக்கத் தென்பகுதியில் கறுப்பினத்தவரின் கல்விக்கென்றே எழுந்த முதல் நிரந்தரக் கட்டடங்களில் ஒன்று.

விலையும் கொடுத்தார்கள். ஏழு வருஷம் ஓய்வில்லாத அலைச்சல். தொண்டை கெட்டவர்கள், நோயில் விழுந்தவர்கள், படிப்பைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. ஒயிட்டின் மனைவி ஸ்காட்லாந்தில் பயணத்தின் நடுவிலேயே இறந்துபோனார். பள்ளியைக் காப்பாற்றப் பாடிய மாணவர்களில் பலருக்கு அதே பள்ளியில் பட்டம் வாங்கும் நாள் வரவே இல்லை.

பிறகு ஃபிரடெரிக் லவுடின் என்ற பாடகர் தன் சொந்தப் பொறுப்பில் ஒரு ஜூபிலி குழுவை அமைத்து, 1884-இல் தொடங்கி 1890 வரை உலகத்தையே சுற்றிவந்தார். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, இலங்கை, இந்தியா, ஜப்பான். அமெரிக்க அடிமைகளின் பாட்டை நாலு குரலில் கேட்ட முதல் இந்தியக் காதுகள் அந்தக் காலத்தவை.

அந்தப் பாட்டின் வாரிசு இந்தியாவுக்குள் மறுபடி நுழைந்தது வேறு பாதையில். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அஸ்ஸாமிய இளைஞர் பூபேன் ஹஸாரிகா அங்கே பால் ராப்ஸனைச் சந்தித்தார். ராப்ஸனின் தகப்பனார் அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடிவந்தவர். மிஸிஸிப்பி நதியைப் பற்றி ராப்ஸன் பாடிய பாட்டு, பூபேன் கையில் பிரம்மபுத்திராவையும் பிறகு கங்கையையும் நோக்கிக் கேள்வி கேட்கும் பாட்டாக மாறியது. (மூலப் பாட்டை எழுதியவர்கள் ‘ஷோ போட்’ நாடகத்துக்காக எழுதிய வெள்ளைக்காரர்கள் என்பதும், வார்த்தைகளை ராப்ஸன் தன் விருப்பப்படி மாற்றிப் பாடினார் என்பதும் தனிக் கதை.) அதன் வங்காள வடிவத்தை வீடுவீடாகக் கொண்டுபோனது கல்கத்தா யூத் கொயர். 1958-இல் ரூமா குஹா தாகுர்த்தா தொடங்கிய குழு அது; சலீல் சவுதரியும் சத்யஜித் ராயும் உடனிருந்தார்கள். 1974-இல் கோபன்ஹேகன் இளைஞர் விழாவுக்குப் போய் முதல் பரிசோடு திரும்பினார்கள். அவர்கள் பெட்டியில் இருந்த சரக்கு நாட்டுப்புறப் பாடல்களும் மக்கள் பாடல்களும். ஐரோப்பியர்களோடு அவர்கள் பாட்டில் போட்டியிட அவர்கள் போகவில்லை.

கல்கத்தா குழுவும், அதே காலத்தில் சலீல் சவுதரி பம்பாயில் நடத்திய யூத் கொயரும் திடீரென்று முளைத்தவை அல்ல. இரண்டின் வேரும் 1943-இல் உருவான இப்டா என்ற இந்திய மக்கள் நாடக மன்றத்தில் இருக்கிறது. வங்காளப் பஞ்சத்தின்போது பினாய் ராய் என்ற இளைஞர் ஒரு பாடகர் குழுவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பஞ்ச நிவாரணத்துக்குப் பாடி நிதி திரட்டினார். நாஷ்வில் மாணவர்கள் செய்ததேதான்.

இந்தக் கதையில் எங்கள் ஹைதராபாத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நாம்பள்ளி ஸ்டேஷன் சாலையில் ‘கோல்டன் த்ரெஷோல்ட்’ என்ற பழைய வீடு இருக்கிறது. சரோஜினி நாயுடுவின் வீடு என்று எல்லாருக்கும் தெரியும். 1974-இல் ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஆரம்பமானது அங்கேதான் என்பதும் பலருக்குத் தெரியும். சரோஜினியின் தம்பி ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயாவை நினைக்கிறவர்கள் குறைவு. 1898-இல் ஹைதராபாத்தில் பிறந்த கவிஞர், நடிகர், பாடகர். 1950-களில் விஜயவாடாவின் எம்.பி. ராயின் ‘சோனார் கெல்லா’வில் வரும் சித்து பெரியப்பா. அவர் எழுதிய ‘சூரிய அஸ்த் ஹோ கயா’ இப்டா குழுக்கள் கூட்டாகப் பாடிய பாட்டுகளில் பிரசித்தமானது. நடந்துகொண்டே பாடலாம், பயிற்சியில்லாதவரும் சேர்ந்துகொள்ளலாம்.

தமிழுக்கு இந்தப் பரம்பரையைக் கொண்டுவந்தவர் எம்.பி.சீனிவாசன். 1925-இல் சித்தூரில் பிறந்தவர். பழைய ரசிகர்களுக்கு, ஜெயகாந்தன் பாட்டெழுதிய ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்தின் இசையமைப்பாளராக அவரைத் தெரியும். மலையாளிகளுக்கு அவர் இன்னும் நெருக்கம். சினிமாக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டிப் பகைமை சம்பாதித்ததில் தமிழ்ப்பட வாய்ப்புகள் குறைந்தன என்பது கோடம்பாக்கத்தில் ரொம்ப நாளாகச் சொல்லப்படும் பேச்சு. 1970-களின் தொடக்கத்தில் அவர் மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கினார். அலுவலக ஊழியர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள் என்று சங்கீத மேடைக்குச் சம்பந்தமில்லாதவர்களைச் சேர்த்து, பாரதி பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல்களில் பாடவைத்தார்.

அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கூடிப் பாடுவது நமக்குப் புதிதில்லை. மார்கழி பஜனை இருக்கிறது, திருப்பாவை கோஷ்டி இருக்கிறது, திருவையாற்றில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறார்கள். ஆனால் அத்தனை பேரும் பாடுவது ஒரே மெட்டு. மேற்கத்திய சேர்ந்திசையில் ஒரே நேரத்தில் நாலு பிரிவுகள் நாலு வெவ்வேறு ஸ்வரங்களில் நிற்கும். அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்தான் சுகம். இதை ராகத்துக்குள் கொண்டுவரப் பார்த்தால் முதல் அடியிலேயே இடிக்கிறது.

மோகனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பாட்டுக்கும் ஏற்ற எளிய ராகம். ச, ரி, க, ப, த என்று ஐந்தே ஸ்வரங்கள். மேற்கத்திய முறையில் ஒரு பாட்டைத் தாங்குகிற தூண்கள் மூன்று கூட்டு ஸ்வரங்கள்: ச-க-ப, ம-த-ச, ப-நி-ரி. மோகனத்தில் மத்தியமமும் கிடையாது, நிஷாதமும் கிடையாது. ஆக மூன்றில் இரண்டு தூண்கள் போயிற்று. மிச்சமிருப்பது ச-க-ப. தேடினால் த-ச-க என்று இன்னொன்று அகப்படும். அவ்வளவுதான். தூணுக்கு ஆசைப்பட்டு மத்தியமத்தைச் சேர்த்தால் ராகம் போய்விடும். முன்வரிசை மாமா எழுந்துபோய்விடுவார். ராகத்தைக் காப்பாற்றினால் இசை வெறும் பஜனையாகத் திரும்பிவிடும். கமகம் இன்னொரு வம்பு. தோடியின் காந்தாரத்தை ஒருவர் அசைப்பது அழகு. முப்பது பேர் முப்பது விதமாக அசைத்தால் அது சந்தைக்கடை.

இந்த வழியில் போன இசையமைப்பாளர்கள் சில உபாயங்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு பிரிவை ஆதார சுருதியில் நிறுத்திவிட்டு மற்றொன்றை அதன்மேல் ஓடவிடுவது; ஒரே மெட்டை ஒரு பிரிவு தொடங்கி, மற்றது இரண்டு அட்சரம் தள்ளி எடுப்பது; கேள்வியை ஆண்குரலுக்கும் பதிலைப் பெண்குரலுக்கும் பிரித்துக்கொடுப்பது; தாளத்தையே குரலால் சொல்லவைப்பது. பார்வைக்குச் சின்ன விஷயங்கள். ஆனால் ராகத்தையும் விட்டுவிடாமல், பல குரலையும் கைவிடாமல், ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும். ஹேண்டலுக்கு அச்சடித்த புத்தகம் கடையில் கிடைக்கும். பாரதிக்கு யாராவது உட்கார்ந்து எழுதவேண்டும்.

எம்.பி.எஸ். அப்படி உட்கார்ந்து எழுதினார். 1988 மார்ச்சில் லட்சத்தீவுக்குச் சேர்ந்திசை சம்பந்தமாகப் போன இடத்தில்தான் காலமானார். வெளிநாட்டுக்குப் புறப்படும் இந்தியக் குழு ஒவ்வொன்றும், தெரிந்தோ தெரியாமலோ, அவர் தொட்ட அதே முடிச்சைத்தான் கையில் எடுக்கிறது.

முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தவர்கள் ஷில்லாங்காரர்கள். லண்டனில் பல வருஷம் பியானோ கலைஞராக இருந்த நீல் நோங்கின்ரி, ஊர் திரும்பி 2001-இல் ஷில்லாங் சேம்பர் கொயரைத் தொடங்கினார். அவர் வீடே குழுவின் வீடு. பாடகர்களில் பலர் அங்கேயே தங்கி, சாப்பிட்டு, படித்து, பாடினார்கள். குருகுலம் என்று நாம் சொல்வதைக் காசி மலையில் ஒரு பியானோ கலைஞர் நடத்தினார். 2010 ஜூலையில் சீனாவின் ஷாவ்சிங் நகரில் உலக சேர்ந்திசைப் போட்டிகள். பக்தி இசை, காஸ்பெல், ஜனரஞ்சக இசை என்று மூன்று பிரிவுகளிலும் ஷில்லாங் குழு தங்கம் வாங்கியது. (இந்தப் போட்டியில் தங்கம் என்பது ஒலிம்பிக் கணக்கில் ஒருவருக்கு மட்டும் கிடைப்பதல்ல, குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தொடும் குழுக்கள் எல்லாவற்றுக்கும் உண்டு. அந்த மதிப்பெண்ணை மூன்று முறை தொடுவது லேசான காரியமில்லை.)

நாட்டில் எத்தனை பேருக்கு அந்தத் தங்கம் தெரிந்தது? ரொம்பக் கொஞ்சம் பேருக்கு. அதே 2010 அக்டோபரில் ‘இந்தியாஸ் காட் டேலண்ட்’ டி.வி. போட்டியில் பழைய இந்தி சினிமாப் பாட்டுகளை நாலு குரலில் பாடி ஜெயித்தபோதுதான் இந்தியா அவர்களைத் திரும்பிப் பார்த்தது. நவம்பரில் ராஷ்டிரபதி பவனில் ஒபாமா தம்பதிக்கு முன் பாடினார்கள். பிறகு பல நாட்டு மேடைகள். 2015-இல் நோங்கின்ரிக்குப் பத்மஸ்ரீ. சீனத்தில் வாங்கிய மூன்று தங்கங்களால் திறக்காத கதவை சினிமாப் பாட்டு திறந்தது. இதைச் சிலர் சமரசம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தி அவர்களுக்கும் அந்நிய மொழிதான், நம்மைப்போல.

அவர்களுடைய சொந்தப் பாட்டு எது என்பதே சுலபமான கேள்வி இல்லை. 1841-இல் வேல்ஸ் நாட்டு மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் காசி மலைக்கு வந்தார். காசி மொழிக்கு ரோமன் எழுத்தைத் தந்தது அவர்தான். வேல்ஸ்காரர்கள் போகுமிடமெல்லாம் பாட்டைக் கொண்டுபோகிறவர்கள். காசி மக்கள் தங்கள் நாட்டு வாழ்த்தை இன்றைக்கும் வேல்ஸ் தேசிய கீதத்தின் மெட்டில்தான் பாடுகிறார்கள். கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டுகளாக ஒரு மக்கள் நாலு குரலில் பாடி வந்தபிறகு, அதை இரவல் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அதோடு நோங்கின்ரி நிற்கவும் இல்லை. ‘சோலிங்ஙெம்’ என்ற காசிப் பழங்கதையை, காசி மொழியிலேயே, ஆபரா வடிவில் எழுதினார். மேற்கத்திய உருவத்தைக் கடைசி எல்லை வரை எடுத்துக்கொண்டு, அதற்குள் பாட்டியின் கதையை வைத்தார். 2022 ஜனவரியில் அவர் மும்பையில் காலமானபோது வயது ஐம்பதைச் சற்றே தாண்டியிருந்தது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் இந்த வழக்கு பழையது. செகந்திராபாத் தேவாலயங்களின் தமிழ் ஆராதனையில் உட்கார்ந்து கேட்டால் இரண்டும் அடுத்தடுத்து வரும்: ஜெர்மன், ஆங்கில மெட்டில் அமைந்த மொழிபெயர்ப்பு ஞானப்பாட்டு ஒன்று, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் ராக தாளக் கீர்த்தனை ஒன்று. முன்னதில் பாடகர் குழு நாலாகப் பிரியும். பின்னதில் சபை முழுக்க ஒன்றாகிவிடும். இரண்டையும் ஒரே ஜனங்கள்தான் பாடுகிறார்கள், ஒரே மாதிரி உருக்கத்தோடு.

பயணத்தின் மற்ற கஷ்டங்கள் எல்லாக் குழுவுக்கும் பொது. வியன்னா சிறுவர் குழுவைப்போல நாலு அணிகளை மாற்றி மாற்றி அனுப்பி, வருஷத்துக்குச் சுமார் முன்னூறு கச்சேரி நடத்தும் அமைப்பு நம்மிடம் இல்லை. இங்கே டிக்கெட் காசுக்குப் பெற்றோர் கடன் வாங்குகிறார்கள். செமஸ்டர் தேர்வு குறுக்கே வரும். விசா நேர்காணலில் ஒரு பையனுக்கு மட்டும் மறுப்பு வந்தால் பேஸ் குரல் மொத்தமும் ஆட்டம் காணும். இரண்டு வருஷம் பழக்கிய டெனருக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிடும். இளைஞர் குழு என்றால் கலைந்துகொண்டே இருப்பது என்றும் அர்த்தம்.

நான் சொன்ன செகந்திராபாத் குழுவில் பட்டியல் தகராறு மூன்று வாரம் நடந்தது. ஃபிஸ்க் கதையை நடத்துனரிடம் சொன்னேன். அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த மாணவர்களின் பாட்டு அவர்கள் வீட்டில் பாடிய பாட்டு, இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் பாரதி பாடுகிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. கடைசியில் ஹேண்டல் முதலிலேயே இருந்தார். மூன்று இந்தியப் பாட்டுகளும் பிரிக்கப்பட்டு, பொதுத் தலைப்பு போய், நடுநடுவே தங்கள் சொந்தப் பெயரில் இடம் பிடித்தன. பாரதி இடைவேளைக்குப் பிறகு முதல் பாட்டு. அதை முடிவு செய்தது நடத்துனரும் இல்லை, நானும் இல்லை. பாட்டில் ழகரம் வரும் இடங்களை ஒரு தெலுங்குப் பெண் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது முந்தின வாரம்தான் வந்திருந்தது. இவ்வளவு பாடுபட்டதைக் கடைசியில் வைப்பதா என்று அவள்தான் கேட்டாளாம்.

புறப்படுவதற்கு நாலு நாள் முன்னால் இரவு பத்து மணிக்கு நடத்துனர் போன் செய்தார். பாட்டின் மூன்றாம் அடியில் ஒரு நீளமான சொல்லின் நடுவில் எல்லாரும் மூச்சு விடுகிறார்கள், தமிழ்ப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், என்ன தப்பு என்றார். பாடிக் காட்டச் சொன்னேன். சொல் இரண்டாக உடைந்து சம்பந்தமில்லாத வேறொரு அர்த்தம் வந்துகொண்டிருந்தது. சொல்லை முடித்துவிட்டு மூச்சு விடச் சொல்லுங்கள் என்றேன். அவ்வளவு தூரம் தாங்காது என்றார். கொஞ்ச நேரம் போனில் சத்தமில்லை. பிறகு அவரே வழி கண்டுபிடித்தார்: பாதிப் பேர் சொல்லுக்கு முன்னால் மூச்சு விட்டுக்கொள்ளட்டும், பாதிப் பேர் முடிந்த பிறகு, கேட்கிறவனுக்கு அறுந்தது தெரியாது. யார் யார் எந்தப் பாதி என்று போனை வைக்காமலே பெயர் குறிக்க ஆரம்பித்தார்.